விரல் இல்லாத புறா

கூலியில் அரைப்படி நெல் கூட்டிக் கேட்டு, தை அறுப்பில் நாங்க இறங்காத வருஷம் அது. மிராசுதார் ஆளுங்க வரப்பில் வைத்து அடித்ததில் என் பெண்சாதி தங்கம்மாளுக்கு இடுப்பில் அடிபட்டு, இடது கால் மரத்துப்போச்சு.

களத்தில் நெல் விழாததால் கோபுரத்துப் புறாவெல்லாம் எங்க தெருவுக்கு வந்துவிட்டன. சாம்பல் உடம்பு, இறக்கையில் ரெண்டு கறுப்புக் கோடு, கழுத்தைத் திருப்பினால் பச்சையும் ஊதாவும் மாறி மாறி மின்னும். தங்கம்மாள் படுத்தபடியே கஞ்சியில் நாலு பருக்கை எடுத்துப் போடுவாள். ஒரு சோடி அவள் உள்ளங்கையிலேயே தின்னும். அதில் ஆணுக்கு ஒரு விரல் இல்லை. நூல் சுற்றி அறுந்திருந்தது. மிச்ச நூலை இவள்தான் பல்லால் கடித்து எடுத்தாள்.

"எனக்குக் காலு, இவனுக்கு விரலு. ரெண்டு பேரும் ஒரே சங்கம்" என்பாள்.

வைத்தியர் கலந்தர் பாய் வந்து காலைக் கிள்ளிப் பார்த்தார். "புறா ரத்தத்தைச் சூடு ஆறாம தேய்க்கணும் வீரையா. ஒரு நாளைக்கு ஒண்ணா மூணு நாளு. நடுவுல விட்டா பலிக்காது."

முதல் ரெண்டு நாளும் வயக்காட்டில் கண்ணி வைத்துப் பிடித்தேன். மூணாம் நாள் ஒன்றும் விழவில்லை. கோபுரத்தில் ஏற எங்க சனத்தை யார் விடுவார்? தங்கம்மாள் கண்ணயர்ந்திருந்தாள். வாசலில் அந்தச் சோடி நின்றது. அவள் கூப்பிடுகிற மாதிரியே "பா, பா" என்று கையை நீட்டினேன். ஆண் நடந்து வந்து கையில் ஏறியது.

தேய்த்துவிட்டேன். கால் சூடாகிற மாதிரி இருக்கு என்று அவளும் சொன்னாள்.

சாயந்திரம் பெட்டை மட்டும் வந்தது. பருக்கையைத் தொடாமல் வாசலைச் சுற்றிச் சுற்றி நடந்து, கூரையைப் பார்த்துக் குமுறியது.

தங்கம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னைக்கு என் காலுல தேச்சது யாரு ரத்தம்யா?"



முந்தானையால் காலைத் துடைத்தாள். காய்ந்திருந்தது, போகவில்லை. "தண்ணி கொண்டா" என்றாள். கொண்டுவந்தேன். கழுவப் போனேன். என் கையைத் தள்ளிவிட்டு, எட்டாத காலை இழுத்து வைத்து அவளே கழுவினாள்.

அரைப்படி கிடைத்தது. அவளுக்குக் கால் வரவில்லை. பெட்டை கொஞ்ச நாள் வந்தது, அப்புறம் அதுவும் வரவில்லை. சாகிறவரைக்கும் அந்தக் காலை அவள் என்னைத் தொட விடவில்லை.