இரண்டாம் ஓலை

இராயபுரத்துத் தேவாலயத்தில் தேவகிருபைக்கும் ஆசீர்வாதத்துக்கும் இரண்டாம் ஓலை வாசிக்கப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, சபை மூப்பர் தவசிமுத்து எழுந்து நின்றார். மணம் செய்யவிருப்போரின் பெயர்களை மூன்று ஞாயிறு சபையின்முன் வாசித்து, தடை உண்டா என்று குருவானவர் கேட்பது வழக்கம். அதற்கு ஒருவர் எழுந்திருப்பது வழக்கமன்று.

"தடை உண்டு, ஐயா. இந்தப் பொண்ணுக்குப் புருஷன் உயிரோட இருக்கான். வண்ணாரப்பேட்டையில கருப்பட்டி மண்டி வச்சிருக்கான். போன வாரங்கூட அவன்கிட்டதான் வாங்கினேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தேவகிருபை தலை குனியவில்லை. மிஷன் மருத்துவமனையில் தாதியாக வேலை பார்க்கும் அவள் இதனை எவரிடமும் மறைத்தவளல்லள்.

அந்தப் புருஷன் சண்முகவேல், அவளுடைய தாய்மாமன் மகன். தெற்கிலிருந்து வணிகத்துக்கு வந்த அக்குடும்பங்களில் ஒரு கிளை கோயிலுக்கும் மறுகிளை தேவாலயத்துக்கும் செல்லும். இரண்டும் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும். அவன் திருமணத்துக்காக ஞானஸ்நானம் பெற்று, தேவாலயத்தில் தாலி கட்டினான். இரண்டு ஆண்டுகளில் மனம் ஒவ்வாமற் பிரிந்தபின், திருநீறு பூசித் தன் கோயிலுக்கே திரும்பினான். இருதரப்பு உறவினரும் திருவொற்றியூரில் ஒரு சரக்குக் கிட்டங்கியிற் கூடி, தங்கள் ஊர் வழக்கப்படி துரும்பைக் கிள்ளி இருவர் கையிலும் கொடுத்து, "தீர்ந்தது" என்றார்கள். அவன் சிவந்தி என்பவளை மணந்தான். தானும் விடுபட்டவளே என்று தேவகிருபை நம்பியிருந்தாள்.

வழிபாடு முடிந்ததும் ஆசீர்வாதம் தவசிமுத்துவை வாசலில் நிறுத்தினான். "அண்ணாச்சி, துரும்பு கிள்ளின கூட்டத்துக்கு நீங்களும் வந்தீங்களே?"

"வந்தேன்."

"சாப்பிட்டீங்களே?"

"சாப்பாடு வேற, சபை வேற, தம்பி."

குருவானவர் கடிந்துகொள்ளவில்லை. "சட்டம் என்ன சொல்கிறதென்று அறிந்து வாருங்கள். அதுவரை மூன்றாம் ஓலை வாசிக்க என்னால் இயலாது" என்றார்.

வக்கீல் தாமோதரனின் அலுவலகம் தம்புச் செட்டித் தெருவில் இருந்தது. வாசலில் அமர்ந்திருந்த குமாஸ்தா சௌக்கத் அலி இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னா கேசு? கட்டறதா, அறுக்கறதா?"

"ரெண்டுந்தான்" என்றான் ஆசீர்வாதம்.

"அப்போ டபுள் கேசு. குந்துங்க, ஐயா வந்துகினே கீறாரு."

தாமோதரன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"இந்து முறைத் திருமணமாக இருந்தால், துரும்பு கிள்ளியதைப் பரம்பரை வழக்கம் என்று சொல்லி வாதாடிப் பார்க்கலாம், அம்மா. சர்ச்சில் கட்டியதைக் கோர்ட்டுதான் அவிழ்க்க முடியும். இன்றைக்கும் நீங்கள் சண்முகவேலின் மனைவி."

தேவகிருபை, "அவருக்கும் பிரியச் சம்மதம், எனக்கும் சம்மதம். இரண்டு பேரும் வந்து சொன்னால் போதாதா?" என்று கேட்டாள்.

"போதாது. அதுவே தடையும் ஆகும். இருவரும் பேசிவைத்துக்கொண்டு வந்ததாகத் தெரிந்தால் மனு தள்ளுபடியாகிவிடும். இனி அவரோடோ அவர் வீட்டாரோடோ வழக்கைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள்."

"சண்டை போட்டாத்தான் பிரிச்சு வைப்பாங்களோ?" என்றான் ஆசீர்வாதம்.

"ஆமா நைனா. தோஸ்தா இருந்தா கோர்ட்டுக்குப் புடிக்காது" என்று வாசலிலிருந்து குரல் வந்தது.

தாமோதரன் தொடர்ந்தார். "அவர் மதம் மாறி வேறொருத்தியையும் மணந்தது உங்களுக்கு விடுதலை தரப் போதுமான காரணம். ஆனால் மெய்ப்பிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் வாய்மொழியே நல்ல சாட்சி. அவள் கழுத்துத் தாலி செல்லாதென்பதை அவளே சொல்லும்படி ஆகும். வருவாளா என்பதுதான் கேள்வி."

"அவருக்குச் சிறை வருமா?"

"நீங்கள் புகார் கொடுத்தால் வரலாம்."

"கொடுக்க மாட்டேன்."

"ஜீவனாம்சம்?"

"எனக்குச் சம்பளம் இருக்கிறது."

"ஒன்று சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு வந்தபின் அது உறுதிப்பட ஆறு மாதம் ஆகும். அதன்மேல் மறுமணத்துக்கு மற்றோர் ஆறு மாதம் பொறுக்க வேண்டும்."

பேருந்து நிறுத்தத்தில் தேவகிருபை, "உங்களுக்கு வேறு இடம் பார்க்கலாம். நான் தவறாக நினைக்க மாட்டேன்" என்றாள். ஆசீர்வாதம் பேசின் பிரிட்ஜ் மின்நிலையத்தில் இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டர், மனைவியை இழந்தவன்.

"பாய்லரை அணைச்சாலும் உடனே உள்ள இறங்க முடியாது. ஆறட்டும்னு வெளியே உட்கார்ந்திருப்போம். பொறுமை இல்லாதவனுக்கு அங்க வேலை இல்லை" என்றான் அவன்.

சண்முகவேலின் கைக்குச் சம்மன் போய்ச் சேர்ந்த வாரத்தில், மருத்துவமனைப் பகல் நேரத்துக் கூட்டத்தினிடையே சிவந்தி வந்து நின்றாள். இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தது.

"யக்கா, என்ன காரியம் செஞ்சிட்டீங்க?"

"உன்னோடு இதைப் பேசக் கூடாதென்று வக்கீல் சொல்லியிருக்கிறார், சிவந்தி."

"அப்ப நான் பேசுதேன், நீங்க சும்மா நில்லுங்க. நான் செல்லாத பொண்டாட்டியாம். எங்க வீட்டுக்காரரு பிடிச்ச வக்கீலு சொல்லுதாரு. ரெண்டு கலியாணம் வெளிப்பட்டா ஜெயிலுன்னு பயந்து, ஊருக்குப் போய் இருந்துட்டு வா, சாட்சிக்கு ஆள் அகப்படாம போயிரும்னு இவரு சொல்லுதாரு. நாளைக்கு ரயிலு. போகவா, இருக்கவா?"

தேவகிருபையின் நாவில் விடை இருந்தது. 'இரு' என்னும் ஒரு சொல்லில் தன் வாழ்வு முழுவதும் அடங்கியிருப்பதை அவள் அறிந்தாள். அச்சொல்லைச் சொன்னால் நீதிபதியின்முன் ஒளிக்க வேண்டியதாகும். ஒளிக்க அவளுக்கு மனமில்லை. குழந்தையின் மூக்கு ஒழுகியது. தேவகிருபை தன் முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டீங்க?"

மாட்டேன் என்று தேவகிருபை தலையை அசைத்தாள். சிவந்தி சொல்லிக்கொள்ளாமற் சென்றாள்.

வழக்கு நாளன்று ஹைக்கோர்ட்டுத் தாழ்வாரத்தில் சௌக்கத் அலி படியையே பார்த்துக்கொண்டிருந்தார். "சாட்சி வர்லேன்னா பேஜாருதான்" என்று முணுமுணுத்தார். பெயரைக் கூப்பிடும் சமயத்தில் சிவந்தி குழந்தையோடு படியேறி வந்தாள்.

"சண்முகவேல் உமக்கு என்ன உறவு?" என்று தாமோதரன் கேட்டார்.

"அம்மன் கோயில்ல வச்சுத் தாலி கட்டினாரு. பொண்டாட்டின்னுதான் நினைச்சிருந்தேன். அந்தக்கா இருக்கையில நான் எப்படி ஆவேன்? அவுகளை முதல்ல விடுங்க, சாமி. பொறவு நானும் ஆகிக்கிடுதேன்."

நீதிபதி சற்றே முன்னோக்கிக் குனிந்தார். "இப்படிச் சொல்லும்படி மனுதாரர் உமக்குச் சொல்லிக் கொடுத்தாரா?"

"எங்க? வாயைத் தொறக்கவே மாட்டேன்னுட்டாக. நாந்தான் கத்திட்டு வந்தேன். அவுக எம் பிள்ளைக்கு மூக்கைத் துடைச்சு விட்டாக. அவ்வளவுதான் நடந்தது."

"பின் ஏன் ஊருக்குப் போகவில்லை?"

"போனா எந்தாலி செல்லுமா, சாமி?"

மன்றத்தில் எழுந்த சிரிப்பை நீதிபதி அடக்கவில்லை. அவ்வாரமே தீர்ப்பு தேவகிருபைக்குச் சாதகமாக வந்தது. ஆசீர்வாதம் சொன்னபடியே காத்திருந்தான்.

காலம் முழுதும் கழிந்தபின் ஓலை மீண்டும் முதலிலிருந்தே வாசிக்கப்பட்டது. இரண்டாம் ஞாயிறு, தேவாலயத்துக்குப் பழக்கமில்லாத ஒருத்தி கடைசி வரிசையின் ஓரத்தில் வந்து அமர்ந்தாள். கழுத்தில் மஞ்சள் மாறாத புதுக்கயிறு, மடியில் குழந்தை. குருவானவர் இருவர் பெயரையும் வாசித்து, "தடை உண்டா?" என்று கேட்டார்.

சபை முழுவதும் திரும்பித் தவசிமுத்துவைப் பார்த்தது. குருவானவர் வழக்கத்தினும் சிறிது அதிகமாகவே காத்திருந்தார். தவசிமுத்து இருமக்கூட இல்லை.