இரண்டு லென்ஸ்களும் அண்ணனின் முகமும்

ஸ்டுடியோக்காரரின் இடது காது ஒரு புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு மங்கிப்போனது. வலி இல்லை, கேட்பதிலும் குறைவில்லை. காது எங்கே முடிகிறது, பின்னாலிருக்கும் சுவர் எங்கே தொடங்குகிறது என்பதுதான் யாருக்கும் பிடிபடவில்லை. அதைச் செய்தது அவருடைய தங்கை. தெரிந்தேதான் செய்தாள்.

ஒன்பது வருடங்களாக அந்த ஸ்டுடியோவில் படம் எடுத்தது அவள், கீழே பெயர் போட்டுக்கொண்டது அண்ணன். சலவைக்கூடத்துப் பெண்களை அவள் நான்கு மாதம் அலைந்து எடுத்த படங்களுக்குப் பரிசு கிடைத்தபோது, அவர் மேடையில் பதக்கத்தோடு நின்று, "என் தங்கச்சியும் கூடமாட லைட் பிடிப்பா" என்றார். மூன்றாவது வரிசையில் இருந்த அவள் எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினாள். அடுத்த மாதம் ஒரு புகைப்படப் பத்திரிகை, அகல ஃபிலிம் போடும் மீடியம் ஃபார்மட் கேமராவுக்கான லென்ஸ் ஒன்றின் புது மாடலை அனுப்பி, ஸ்டுடியோவில் இருந்த பழைய மாடலோடு ஒப்பிட்டு எழுதித் தரச் சொன்னது. அண்ணன் ஒப்புக்கொண்டு, வேலையைத் தங்கையின் தலையில் கட்டினார்.

அவள் சுவரில் செய்தித்தாளை ஒட்டி, ஸ்டாண்டை நகர்த்தாமல் இரண்டிலும் ஒவ்வொரு ரோல் எடுத்தாள். படத்தின் நடுவில் இரண்டும் ஒன்றுதான். ஓரங்களில் பழையது சற்றுக் குழைந்தது. ஜன்னல் வெளிச்சம் நேரே விழுந்தால் பால் ஊற்றியதுபோல் வெளுத்தது. புதியது மூலையிலிருந்த பொடி எழுத்தைக்கூட விடவில்லை. இது பேச்சுக்குச் சொல்வதல்ல, உள்ளபடியே பிடுங்கிக்கொண்டது. ஃபிலிமைக் கழுவிவிட்டு வந்து பார்த்தால் சுவரிலிருந்த தாளில் எழுத்துகள் கலங்கிக் கிடந்தன. புது லென்ஸில் ஒரு நாற்காலியைப் படமெடுத்துப் பார்த்தாள்; நாற்காலியும் மங்கியது. பழைய லென்ஸ் யாரிடமிருந்தும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. இதைக் கட்டுரைக் குறிப்பில் சேர்க்காமல், "ஒரு முகத்தை வெச்சுப் பாக்கணும்ண்ணா, வந்து உக்காருங்க" என்றாள்.

ரோலுக்குப் பன்னிரண்டு படம். முதல் ரோலில் காது, மூன்றாவதில் மூக்கு. கண் மருத்துவர் அவரைச் சோதித்துவிட்டுத் தன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அண்ணி, "உங்களப் பாத்துப் பேசினா தல வலிக்குது" என்று சுவரைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள்.

"போதும்மா" என்றார் அண்ணன்.

"மூலை இன்னும் சரியா வரலண்ணா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."

அவளுக்கும் மனசு கேட்காமல் ஒரு நாள் கேமராவை மூடி வைத்தாள். மறுநாள் அவர் ஒரு வாடிக்கையாளரிடம் சலவைக்கூடத்துப் படங்களைக் காட்டி, "நான் எடுத்ததுதான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவள் அடுத்த ரோலை மாட்டினாள்.

எட்டாவது ரோலோடு முகம் முழுவதும் போயிற்று. அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது. "நீதான் பண்ணின. திருப்பிக் குடு" என்று மேசைமுன் வந்து நின்றார். அவள் பிரிண்டுகளைப் பரப்பினாள். மயிர்க்கால்வரை தெரிந்த அந்த முகத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"எவ்ளோ தெளிவா இருக்கீங்க பாருங்கண்ணா. திருப்பித் தர எனக்குத் தெரியாது, தெரிஞ்சாலும் தரமாட்டேன். இனிமே எல்லாப் படத்துலயும் என் பேரு. சரியா?"

அவர் தலையாட்டியிருக்கலாம், தெரியவில்லை. "வாயத் தெறந்து சொல்லுங்க" என்றாள். சொன்னார்.

கட்டுரை அவள் பெயரில் வந்தது. முடிதிருத்துபவர் கையால் தடவியே சவரம் செய்யப் பழகிக்கொண்டார். தெருவில் குரலை வைத்து வணக்கம் சொன்னார்கள். அடையாள அட்டையைப் புதுப்பிக்கப் போனபோது எழுத்தர் அவரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் 'மங்கலானவர்' என்று எழுதி, முத்திரை குத்தி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.