செல்லாத நேர்த்தி

வினோதன் செய்த பெரிய பிழை, விளையாட்டில் வரும் ஒரு மந்திரக்காரிக்கு ‘நேர்த்திக்காரி’ என்று தமிழில் பெயர் வைத்ததுதான். இணையத்தில் எடுத்த விளையாட்டு அது. மேசையைச் சுற்றியிருந்து ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை பேசி, பகடை உருட்டி ஆடவேண்டும். துணுக்காயிலிருந்து கடற்கரை ஊரான நாயாற்றுக்குப் படிப்பிக்க வந்த வினோதன், விதிகளையெல்லாம் தமிழில் கொப்பியில் எழுதி வைத்திருந்தான். மற்ற மந்திரக்காரர்கள் மந்திரத்தைப் பாடமாக்கினால் போதும். நேர்த்திக்காரியோ தெய்வத்துக்கு எதையாவது நேர வேண்டும். பலித்துவிட்டால் நேர்ந்ததைக் கொடுத்தே தீர வேண்டும். அந்தோனியாருக்கு நேர்ந்த மெழுகுதிரியை மறந்தாலே நித்திரை வராத ஊரில் இதை விளையாட்டாக்கலாமா?

கலிஸ்ராதான் நேர்த்திக்காரி. அந்தச் சனிக்கிழமை பின்நேரம் அவள் வீட்டு விறாந்தையில் ஆட்டம் நடந்தது. கதையில் ஒரு பூதம் அவர்களை மூலையில் நெருக்கிவிட்டது. கடலுக்குப் போய் மத்தியானமே கரைக்கு வரவேண்டிய புருசன் துசியந்தனைக் காணவில்லை என்ற எரிச்சல் வேறு அவளுக்கு.

“நேரத்துக்கு வராத என்ரை மனுசனை ஆழத்தாளுக்கு நேர்ந்து விடுறன்!” என்று பகடையை உருட்டினாள். ஆழத்தாள், கதையில் வரும் கடல் தெய்வம். இருபது முகப் பகடையில் இருபதே விழுந்தது. பூதம் செத்தது. கூட ஆடிய பக்கத்து வீட்டு அனோஜா துள்ளிக் குதித்தாள்.

கொஞ்ச நேரத்தில் காற்றுத் திரும்பியது. கூரைத் தகரம் படபடவென்று அடித்தது. கலிஸ்ரா புருசனுக்கு போன் எடுத்தாள். இணைப்பு இல்லை. திரும்பவும் எடுத்தாள். இல்லை. இந்த வாய் ஏன் இப்படி நீண்டது?

“வினோதன், நான் பகிடிக்குச் சொன்னனான்.”

“மேசையிலை சொன்னது சொன்னதுதானே அக்கா,” என்றான் அவன் வழக்கம்போல. பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தான்.

“விளையாட்டுத்தானே அக்கா,” என்றாள் அனோஜா.

“உன்ரை மனுசன் வீட்டிலை இருக்கிறார். நீ வாயைப் பொத்து!”

வினோதன் அவசரமாகக் கொப்பியைப் புரட்டி ஒரு விதியை வாசித்தான். தனக்கு உரிமையில்லாத ஒன்றை நேர்ந்தால் அந்த நேர்த்தி செல்லாது. அதனால் பலித்ததும் செல்லாது.

“ஆனா, மனுசன் உங்கடைதானே அக்கா?”

பத்து வருசமாய் ‘என்ரை மனுசன்’ என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவள் அவள்.

“இல்லை. அவர் ஒரு தாய் பெத்த பிள்ளை. அவரைக் குடுக்க நான் ஆர்? செல்லாதெண்டு எழுதும், வினோதன்.”

“அப்ப பூதம் சாகேல்லை. நீங்கள் எல்லாரும் செத்திடுவியள். இரண்டு வருசமா ஆடின கதை.”

“செத்தால் சாவம். எழுதும்.”

அவன் பூதத்துக்காகப் பகடையை உருட்டினான். கொப்பியில் ஒவ்வொரு பாத்திரத்தின் பெயராக வெட்டினான். காற்று அடங்கவுமில்லை. கலிஸ்ரா போனை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். மாதாவிடம் ஒன்றை நேரலாம் என்றால் அதற்கும் பயமாக இருந்தது. எதைச் சொல்லி எங்கே போய் முடியுமோ.

நாலரைக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தது. அனோஜாதான் எடுத்து அவள் காதில் வைத்தாள்.

“நான்தான். இஞ்சின் நிண்டிட்டுது. ஒருமாதிரி அளம்பிலிலை கரையேறிட்டம். என்ரை போன் நனைஞ்சு போச்சு,” என்றான் துசியந்தன். “விளையாட்டு என்ன மாதிரி? வெண்டிட்டியளோ?”

“இல்லையப்பா,” என்றாள் கலிஸ்ரா. அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. “எல்லாரும் செத்திட்டம்.”