வண்டு மார்க்

மரக்கட்டையில் பூச்சி செதுக்குவதில் திண்டுக்கல்லில் எனக்கு மேல் ஒருத்தன் இருந்தால் வரச் சொல்லுங்கள், பார்த்துவிடலாம். வாய்க்கொழுப்பில் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் இதையே ஐம்பத்தெட்டாம் வருஷம் சொல்லியிருந்தால் எல்லோரும் கைகொட்டிச் சிரித்திருப்பார்கள். அப்போது நான் மீரான் பாயின் பிரஸ்ஸில் சுருட்டு லேபிளைக் கட்டுக் கட்டாக அடுக்கிக் கட்டும் இன்னாசியம்மாள், அவ்வளவுதான்.

எங்கள் பிரஸ்ஸில் சுருட்டு லேபிள்தான் பிரதானம். கிளி மார்க், மயில் மார்க், ரெட்டைச் சிங்கம் மார்க் என்று ஊரிலுள்ள மிருகமெல்லாம் எங்கள் மிஷினுக்குள் புகுந்துதான் வெளியே வரும். அந்தப் படங்களைக் கட்டையில் செதுக்குகிறவன் பொம்மையன். சிங்கத்தை அவன் செதுக்குவான். மூலைப் பூ, கொடி, மாலை, சிங்கத்தின் பிடரி மயிர் என்று சலிப்புப் பிடித்த வேலையெல்லாம் என் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். ஆறு வருஷம் அப்படிப் போனது. மீரான் பாய்க்கும் தெரியும், தெரியாத மாதிரி இருந்துகொள்வார்.

அந்தப் பொம்மையன் சிவகாசியில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டான். செதுக்குப் பலகை காலி. எனக்கா, உள்ளங்கை அரிக்கிறது.

"பாய், அந்தப் பலகைய எனக்குக் குடுங்க" என்று போய் நின்றேன்.

"பொம்பளை செதுக்குன சிங்கம்னு தெரிஞ்சா எந்த யாவாரி வாங்குவான்? மதுரையிலேருந்து ஒரு ஆளு வாரான். மாசக் கடைசியில வந்துருவான். போயி வேலையப் பாரு."

"சிங்கத்துக்குப் பிடரி மசுரு எவன் செதுக்குனான்னு கேட்டுச் சொல்லுங்க பாய்!" என்றேன். அவர் காதில் விழாத மாதிரி பெல்ட்டை இறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வாரம்தான் கிராம சேவக் மலைச்சாமி சைக்கிளில் வந்து இறங்கினார். கிராமம் கிராமமாகப் போய் உரம், விதை, பூச்சி என்று சம்சாரிகளுக்கு எடுத்துச் சொல்கிற சர்க்கார் ஆள். கையில் ஒரு தீப்பெட்டி. திறந்து மேஜையில் கவிழ்த்தார். செத்த வண்டுகள். எல்லாம் குண்டுமணி அளவு, எல்லாவற்றுக்கும் முதுகில் கறுப்புப் புள்ளி.

"ஆத்தூர்ப் பக்கம் கத்தரிக்காத் தோட்டமெல்லாம் போச்சுங்க பாய். இந்தா, மங்கலா இருக்கு பாருங்க, முதுகு நெறையப் புள்ளி, இருபத்தெட்டு. இதுதேன் இலையத் திங்குறது. பளபளன்னு இருக்குற இன்னொண்ணு இருக்கு பாருங்க, புள்ளி ஏழுதேன். இது செடியத் தொடாது. செடியில அப்பியிருக்கிற பேனைத் தின்னு நமக்கு ஒத்தாசை பண்ணுது. நம்ம சனங்களுக்கு ரெண்டும் ஒண்ணு. மங்கலுப் பய இலைக்கு அடியில ஒளிஞ்சுக்கிருவான். பளபளப்பு வெளிய தெரியும். அதனால நல்லதைத்தேன் புடிச்சுப் புடிச்சு நசுக்குறாக. படம் போட்டு நோட்டீஸ் வேணும், செவப்பும் கறுப்புமா. எழுத்துப் படிக்கத் தெரியாதவுகளுக்கும் வெளங்கணும்."

செதுக்க ஆளில்லை என்று சொல்ல மீரான் பாய் வாயைத் திறந்தார். அதற்குள், "ஆகட்டும்ங்க, பத்து நாள்ல தாரோம்" என்று நான் சொல்லிவிட்டேன்.

மலைச்சாமி போனதும் பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"சரி. இது ஒண்ணு செய்யி. நல்லா வந்தா பலகை ஒனக்கு. வரலேன்னா மதுரை ஆளு வந்து உக்காருவான். அப்பறம் இந்தப் பேச்சை எடுக்கப்புடாது."

அன்றைக்கு நான் நடந்தா வீட்டுக்குப் போனேன், பறந்துதான் போனேன்.

செதுக்கினேன் ஐயா செதுக்கினேன்! மஞ்சக்கடம்புக் கட்டை, வெண்ணெய் மாதிரி உளிக்கு வழிவிடுகிற மரம். சிவப்புக்கு ஒரு கட்டை, கறுப்புக்கு ஒரு கட்டை. ரெண்டு வண்டையும் ரெட்டைச் சிங்கம் மாதிரி எதிரெதிரே நிறுத்தினேன். தலைக்கு மேலே கிரீடம். கிரீடத்தைச் சுற்றிச் சூரியக் கதிர். கீழே ரோஜா மாலை. நாலு மூலைக்கும் பூ. நல்ல வண்டு, கெட்ட வண்டு என்று வளைந்த ரிப்பனில் எழுத்து. மிஷினிலிருந்து முதல் தாள் வந்தபோது எனக்கே என் கையை முத்தமிடலாம் போல இருந்தது. மலைச்சாமி, "அடேயப்பா! கோயில் தேராட்டமில்ல இருக்கு!" என்றார். ஐந்நூறு தாளை வாங்கிக்கொண்டு போய்ச் செம்பட்டிச் சந்தையில் சுவர் சுவராக ஒட்டினார் மலைச்சாமி.

நாலாம் நாள் காலையில் ஒரு சுருட்டு வியாபாரி மூச்சிரைக்க வந்தான்.

"பாய், வண்டு மார்க் சுருட்டு யாரு போடுறா? செம்பட்டியில ஆளாளுக்கு வந்து கேக்குறான். நம்ம கடையில மட்டும் இல்லேன்னா மானம் போகுதுல்ல. எனக்கு ரெண்டு பெட்டி சொல்லிவிடுங்க."

பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்குத் தலையில் இடி விழுந்தது. கிரீடமும் மாலையும் போட்டு ரெண்டு ஜீவனை எதிரெதிரே நிறுத்தினால் அது சுருட்டு லேபிள்தானே! எங்கள் ஊரில் பிறந்த எவனுக்கும் அது வேறெதுவாகவும் தெரியாது. செதுக்கிய எனக்குத் தெரியவில்லை, அச்சடித்த பாய்க்குத் தெரியவில்லை, ஒட்டிய மலைச்சாமிக்கும் தெரியவில்லை. மூன்று பேருமாகச் சேர்ந்து சர்க்கார் செலவில் இல்லாத சுருட்டுக்கு விளம்பரம் செய்திருக்கிறோம்.

மத்தியானம் மலைச்சாமி முகம் செத்து வந்தார். "பெரிய ஆபீசர் வாங்கு வாங்குன்னு வாங்கிட்டாரு. சனிக்கிழமை ஆத்தூருக்கு ஜீப்புல வாராரு. தோட்டத்துல ஒரு ஆளுகிட்டப் புதுப் படத்தைக் குடுக்கணுமாம். யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாம். அந்த ஆளுக்குத் தானா வெளங்கணும். இல்லேன்னா நோட்டீஸே வேணாமின்னுட்டாரு."

அன்றைக்குப் புதன்கிழமை. பாய் என்னைப் பார்த்து, "மதுரை ஆளு திங்கக்கிழமை வாரான்" என்றார். அதற்கு மேல் சொல்லவில்லை. சொன்னால் சண்டைக்குப் போயிருப்பேன். சொல்லாததால் அழுகை வந்தது.

வியாழன் விடிந்ததும் ஆத்தூர் பஸ்ஸைப் பிடித்தேன். செத்த வண்டைப் பார்த்துச் செதுக்கியதுதான் தப்பு, உயிரோடு பார்க்காமல் விடுவதில்லை என்று ஒரே வெறி. மலைச்சாமி சொன்ன தோட்டம் அணைக்குப் போகிற பாதையில் இருந்தது. பேச்சாயி என்று ஒரு பெண், என் வயசுதான் இருக்கும், கத்தரிப் பாத்திக்குள் குனிந்து எதையோ பொறுக்கிச் சொளகில் போட்டுக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். அத்தனையும் பளபளக்கிற நல்ல வண்டு.

"இந்தச் செவப்புச் சனியந்தேன் தோட்டத்தையே அழிக்குது" என்றாள்.

"அதில்லத்தா, இலையத் திங்கிறது வேற வண்டு" என்றேன்.

"நீயென்ன, டவுனுப் பொம்பளை எனக்குச் சொல்றது? தெனமும் செடியோட கெடக்குறவ நானா, நீயா?"

எனக்கும் மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவள் சொன்னதிலும் நியாயம் இருந்ததே! வாயை மூடிக்கொண்டு பாத்திக்குள் உட்கார்ந்து ஒரு இலையைத் திருப்பினேன்.

அப்புறம் மாலை வரை எழுந்திருக்கவில்லை.

இலைக்கு அடியில் மங்கல் வண்டு ஒன்று தின்றுகொண்டிருந்தது. சும்மா கடித்துத் துப்பவில்லை. பச்சையை மட்டும் சுரண்டுகிறது, நரம்பைத் தொடுவதில்லை. வரி வரியாகச் சுரண்டி, நரம்பை மட்டும் வலை மாதிரி நிறுத்திவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்கிறது. அட சண்டாளா, நானும் அதைத்தானே செய்கிறேன்! கோட்டை மட்டும் நிறுத்திவிட்டு மிச்சத்தைத் தோண்டி எடுப்பதுதானே என் தொழில்! இந்தக் கழுதைக்கு உளியை வாயிலேயே வைத்து அனுப்பியிருக்கிறார் ஆண்டவர். தோட்டத்தில் எந்தச் செடியைப் பார்த்தாலும் அந்த வலைதான். பேச்சாயி தினமும் பார்ப்பது வண்டை இல்லை, அந்த இலையை. முதலில் இலையைச் செதுக்க வேண்டும்! எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது, கத்தியும் விட்டேன். பேச்சாயி பதறி ஓடி வந்தாள்.

"என்னத்தா, பாம்பா?"

"இல்ல, இலை!" என்றேன். அவள் என்னைப் பைத்தியம் என்றே முடிவுகட்டியிருப்பாள்.

வெள்ளிக்கிழமை முழுக்கப் பலகையை விட்டு எழவில்லை. கிரீடமில்லை, மாலையில்லை, மூலைப் பூவில்லை, எழுத்துகூட இல்லை. ஒரு கத்தரிக் கொப்பு, அதில் அரைவாசி தின்ற ஒரு இலை. நரம்பு நரம்பாக விட்டு மிச்சத்தைத் தோண்டினேன். ஒரு நரம்பு அறுந்தால் கட்டையே வீண். மடிந்த இலையின் அடிப்பக்கம் தெரிய, அதில் மங்கல் வண்டு. அதன் முதுகு மங்கித் தெரிய மயிரிழை மயிரிழையாகக் கீறினேன். புள்ளி இருபத்தெட்டையும் எண்ணி எண்ணி நிறுத்தினேன். மேலே தளிரில் பேன் அப்பியிருக்க, நல்ல வண்டு ஒரு பேனை வாயில் கவ்வியிருக்கிறது. அதன் முதுகை வழவழவென்று விட்டு, பளபளப்புக்கு ஒரு சின்ன வெள்ளைப் பொட்டு மட்டும் எடுத்தேன்.

சனிக்கிழமை மிஷின் ஓயாமல் ஓடியது. சிங்கம் மார்க் அவசர ஆர்டர். "ஒனக்காக மிஷினை நிறுத்த முடியாது" என்றுவிட்டார் பாய். போகட்டும்! உருளையால் நானே மை தடவி, கட்டை மேல் தாளை விரித்து, கரண்டி முதுகால் தேய்த்து எடுத்தேன். முதல் தாளில் சிவப்பு விலகியது. ரெண்டாம் தாள் கிழிந்தது. மூன்றாவது வந்தது பாருங்கள், கண்ணாடியில் பார்த்த மாதிரி வந்தது! நாலாவது எடுக்க நேரமில்லை. பஸ் வந்துவிட்டது.

"பஸ்ஸுல நசுங்கிப் போகும், குடு இங்கிட்டு" என்று பாயும் கூடவே ஏறினார். ஈர மையோடு இருந்த அந்த ஒற்றைத் தாளை ஆத்தூர் வரைக்கும் ரெண்டு கையாலும் ஏந்திக்கொண்டே வந்தார். கண்டக்டர் டிக்கெட் கேட்டதற்குக்கூடக் கையை எடுக்கவில்லை.

தோட்டத்தில் ஜீப் நின்றிருந்தது. பெரிய ஆபீசர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "ஒருத்தரும் பேசக்கூடாது" என்றார். மலைச்சாமி தாளைப் பேச்சாயி கையில் கொடுத்தார்.

பேச்சாயி தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தாள். தள்ளி வைத்துப் பார்த்தாள். பிறகு தன் செடியைப் பார்த்தாள்.

"இது என் தோட்டத்து இலையாச்சே! இதே ஓட்டை, இதே சல்லடை!"

அவள் கண் மெதுவாக இலையின் அடிப்பக்கம் இறங்கியது. முகம் சட்டென்று கடுத்தது. "அட நாசமாப் போறவனே, கீழ ஒளிஞ்சுக்கிட்டுத் திங்கிறது நீதேனா!" என்று கட்டைவிரல் நகத்தை வைத்து வண்டை ஒரே நசுக்காக நசுக்கினாள். ஈர மை. வண்டு இலையோடு சேர்ந்து இழுபட்டுச் செக்கச் செவேலென்று அப்பிக்கொண்டது.

"ஏய்! ஒரே தாளுடீ! என் படத்தை என்னடீ பண்ணுன பாவி!" என்று ஆபீசர் சொன்னதையெல்லாம் மறந்து நான் அலறினேன்.

அவளுக்கு நான் அலறியது கேட்கவேயில்லை. கண் மேலே, தளிருக்குப் போயிருந்தது. பேனைக் கவ்விக்கொண்டிருந்த வண்டைப் பார்த்தாள். நசுக்கவில்லை. விரலைக்கூட அதன் பக்கம் கொண்டுபோகவில்லை. அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவன் பேனையில்ல திங்கிறான். அய்யோ, சொளகு சொளகாக் கொன்னேனே! நல்லது செய்ய வந்ததைக் கொன்னுபுட்டேனே!"

திடீரென்று எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த தோட்டத்தைப் பார்த்து ஓடினாள். "ஏ கருப்பம்மா! பளபளப்பைக் கொல்லாதடீ! இலையத் திருப்பிப் பாரு, இலையத் திருப்பிப் பாரு!" என்று அவள் கத்தியது அணைவரைக்கும் கேட்டிருக்கும்.

தாள் வரப்பில் கிடந்தது. நான் எடுப்பதற்குள் ஆபீசர் குனிந்து எடுத்தார். நசுங்கிய வண்டைப் பார்த்தார், விரல் ரேகையைப் பார்த்தார். ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து, பேனாவைத் திறந்து, அந்த ரேகைக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார்.

"ஐயாயிரம் அடிங்க. அடுத்து நெல்லுக்கும் கடலைக்கும் வேணும். இதைச் செதுக்கினது யாரு? அவரைப் பார்க்கணும்."

மலைச்சாமி பாயைப் பார்த்தார். பாய் என்னைப் பார்த்தார். ஆறு வருஷமாக யாரிடமும் சொல்லாததை அவர் சொல்வாரா, விழுங்கிவிடுவாரா என்று நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்தா நிக்கிறாகளே, இவுகதேன்" என்றார் மீரான் பாய்.