அரை அங்குல ஸ்பானர்

...வெளியே எடுத்தானா இல்லையா, அது ஒன்றுதான், மற்றதெல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது, விமானத்தின் வாலுக்குள் குப்புறப் படுத்துச் சுக்கானை இழுக்கும் கம்பியின் கடைசி நட்டை முடுக்கியது, வெளியே யாரோ "சகாயம், ரயிலுக்கு நேரமாச்சு" என்று கத்தியது, பின்பக்கமாகவே தவழ்ந்து இறங்கியதில் முழங்கை சிராய்த்தது, எல்லாம்... ஆனால் அந்த அரை அங்குல ஸ்பானர்? பாம்பன் தபாலாபீஸ் பெஞ்சில் தகரப் பெட்டியை மடியில் வைத்தபடி சகாயம் தன் வலது கையையே முறைத்துக்கொண்டிருந்தான், அது ஏதோ அடுத்த வீட்டுக்காரன் கை மாதிரி. பெங்களூரில் விமானம் கட்டும் பட்டறையில் ஆறு வருஷம். இத்தனை நாளில் ஒரு ஆணிகூடத் தொலைத்ததில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டவன். தங்கச்சி வேளாங்கண்ணியின் கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்தவனுக்கு, ரயில் பாலத்தில் ஊர்ந்தபோது, அங்கே போல்ட் முடுக்கிக்கொண்டிருந்த ஒருவன் கையில் ஸ்பானரைப் பார்த்ததும்தான் தன்னுடையது நினைவுக்கு வந்தது. சட்டைப் பைகளையும் பெட்டியின் மேல்துணிகளையும் துழாவினான், இல்லை.

பட்டறையில் இதற்கெல்லாம் வழி வைத்திருக்கிறார்களே. ஒரு கருவி வாங்கினால் உன் நம்பர் போட்ட பித்தளை வில்லையைக் கொடுக்க வேண்டும், கருவி திரும்பினால்தான் வில்லை திரும்பும், ஒரு வில்லை ஆணியில் தொங்கினாலும் விமானம் கிளம்பாது. அப்படியிருக்க எப்படி நடந்தது? எப்படியென்றால் கருவிக் கூண்டில் இருந்தது பொன்னுச்சாமி, சாயல்குடிப் பக்கத்துக்காரர், அண்ணன் மாதிரி. "எல்லாம் வந்துருச்சுல்ல? நீ வச்சிருப்படா, ஓடு, தங்கச்சி கல்யாணம்டா" என்று எண்ணிப் பார்க்காமலே வில்லையை நீட்டினார், இவனும் வாங்கிக்கொண்டு ஓடினான். ஊர்ப்பாசம்! அந்தப் பாசம் இப்போது ஒரு விமானத்தின் வாலுக்குள் கிடக்கிறதோ என்னவோ. திங்கட்கிழமை காலை அது பறக்கப் போகிறது. ஓட்டப் போகிறவருக்குப் போன மாதம்தான் பெண் குழந்தை பிறந்தது, எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார், இவன் இரண்டு எடுத்துக்கொண்டான். கம்பியில் ஸ்பானர் மாட்டிச் சுக்கான் இறுகிக்கொண்டால்? வள்ளமென்றால் குதித்து நீந்தலாம். அங்கே எங்கே குதிப்பது?

அய்யாவோடு கடலுக்குப் போன நாளில் இந்தத் தொல்லையே கிடையாது. கத்தியோ ஊசியோ, கையில் எடுத்ததை முதலில் தூண்டில் நரம்பால் இடுப்பில் கட்டு, பிறகு வேலையைப் பார், கட்டாமல் எடுத்தால் முதுகில் ஒன்று விழும், கடலில் விழுந்தது வீட்டுக்கு வராதுலே என்பார் அய்யா. பட்டறையிலும் முதல் இரண்டு வருஷம் அப்படித்தான் ஸ்பானரைக் கட்டிக்கொண்டான், எல்லோரும் சிரித்தார்கள், மாடு மேய்க்கிறாயா என்றார்கள், கயிறு கம்பியில் சிக்கும் என்று ஃபோர்மேன் ஒருநாள் அறுத்தே எறிந்தார். அதோடு அந்தப் பழக்கம் போயிற்று. அடுத்த மாதம் இன்ஸ்பெக்டர் பரீட்சைக்குப் பெயர் கொடுத்திருக்கிறான், விமானம் பறக்கலாம் என்று கையெழுத்துப் போடுகிற வேலை, அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் இத்தனை வருஷமும். தந்தி கொடுத்தால் அந்தப் பெயர் அடிபடும், பொன்னுச்சாமி அண்ணனும் மாட்டுவார். கொடுக்காமல் விட்டால் ஒருவேளை ஒன்றுமே ஆகாது, ஒருவேளை வெளியேதான் எங்காவது கிடக்கிறது... ஒருவேளை, ஒருவேளை. இந்த ஒருவேளையை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை கல்யாண வீட்டில் சோறு இறங்குமா?

"என்னப்பா, வந்து இறங்குன கையோட தந்தியா? யாரும் மவுத்தாயிட்டாகளா?" என்றார் போஸ்ட்மாஸ்டர் ஹாஜா முகைதீன்.

"இல்ல மாமா. ஆகக்கூடாதுன்னுதான்."

விஷயத்தைக் கேட்டதும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஆகாசத்துல போறத இங்கன உக்காந்து நிறுத்தப் போறியா?" என்றவர், கேலி செய்யப்போகிறார் என்று இவன் நினைத்தபோது, தந்திப் பாரத்தைத் தானே எடுத்து இங்கிலீஷில் எழுதினார், விமானத்தை நிறுத்தவும், வாலுக்குள் ஸ்பானர் இருக்கலாம், தவறு என்னுடையது. தவறு என்னுடையது என்பது வேண்டுமா என்று கேட்டார். வேண்டும் என்றான் சகாயம். கட் கட் என்று தந்தி மிஷின் பேசி முடித்து வெளியே வந்தபோது கருவாட்டு வாசனை சுகமாக இருந்தது, பசிக்கக்கூடச் செய்தது, வெட்கமில்லாத வயிறு.

வீட்டில் அம்மா செபஸ்தியம்மாள் அவன் முகத்தைப் பார்க்குமுன் பெட்டியைத்தான் திறந்தாள். பட்டறை உடுப்பைக் கொண்டுவாலே, போட்டுக் காட்டு என்று காகிதம் காகிதமாக எழுதவைத்தவள். அடியில் செய்தித்தாளில் சுருட்டியிருந்த காக்கி உடுப்பை எடுத்து உதறினாள். ணங் என்று என்னவோ பெட்டி விளிம்பில் இடித்தது. "ஏலே, என்னலே இது, உங்க அய்யா கத்தி கட்டுற மாதிரி கட்டி வச்சிருக்க?" உடுப்பின் உள்பக்கம், இடுப்புப் பொத்தானில், பெட்டி கட்ட வாங்கி வைத்திருந்த நரம்பை இரண்டு சுற்றுப் போட்டு இறுக்கிய முடிச்சில், அரை அங்குல ஸ்பானர் ஆடிக்கொண்டிருந்தது. எப்போது கட்டினான்? அவசரத்தில் மனசு ரயிலுக்கு ஓடியபோது கை தன்பாட்டில் அய்யாவிடம் ஓடியிருக்கிறது. சகாயம் தரையில் உட்கார்ந்து சிரித்தான், அழுதான், இரண்டும்தான். அம்மா பயந்துபோய் அவன் நெற்றியில் சிலுவை வரைந்தாள்.

தபாலாபீஸ் மூடுமுன் ஓட வேண்டும், அங்கே இந்நேரம் வாலைப் பிரித்துப் போட்டிருப்பார்கள், திட்டுவார்கள், பரீட்சைப் பெயர் போனது போனதுதானோ... ஸ்பானரைக் கையில் பிடித்தபடி ஓடினான், நரம்பை அவிழ்க்கவில்லை. ஓடும்போதுதான் தோன்றியது, பறக்கலாம் என்று சொல்கிற கையெழுத்துக்குத்தானே ஆறு வருஷமாக ஏங்கினோம், பறக்காதே என்று இன்று ஒன்று போட்டோமே, அதுவும் அந்த வேலைதானே? இரண்டாவது பாரத்தை ஹாஜா முகைதீன் நீட்டினார். ஸ்பானர் கிடைத்தது, அதுவரை எழுதியாயிற்று. எங்கே கிடைத்தது என்று எழுத வேண்டுமா, கயிறு என்றால் ஃபோர்மேன் என்ன சொல்வார்... பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி சகாயம் நின்றுகொண்டிருந்தான்.