பக்கத்து சீட் சாட்சி

அவள் வாடகை நாற்காலிகளை வாசலில் விரித்துப் போட்டுக்கொண்டே போக, தையல்காரர் பின்னாலேயே வந்தார். மூன்று நாற்காலி வரைக்கும் கூடவே நடந்தார். நான்காவதை அவரே வாங்கி விரித்தார்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதும்மா. நாளைக்கு எனக்கு விசாரணை."

அவளுக்குத் தெரியும். போன வாரம் அப்பாவின் டிரைவிங் ஸ்கூல் காரில் அவர் பழகிக்கொண்டிருந்தபோது ஒரு போலீஸ்காரர் மறித்து அறைந்திருக்கிறார். பிறகு, தையல்காரர்தான் தன்னை அடித்தார் என்று வழக்கும் எழுதிவிட்டார். பக்கத்து சீட்டிலிருந்த அப்பா முழுவதையும் போனில் பிடித்திருந்தார். எந்தப் போலீஸ்காரர் வண்டியை மறித்தாலும் பிடிப்பார். பிடிக்கும்போது கண் திரையில் இருக்காது; பிடித்ததைத் திரும்பப் பார்க்கிற பழக்கமும் இல்லை. நேற்று காலை அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார்.

உள்ளே, அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அம்மா போனைத் திறந்து கொடுத்தாள்.

திரை முழுக்க அப்பாவின் முகம். மூக்குத் துவாரம் உட்பட.

அதற்கு முந்தைய வீடியோவிலும் அப்பா. அதற்கும் முந்தையதில் அப்பா.

அத்தை எட்டிப் பார்த்தாள். "கேமராவத் திருப்பவே இல்லியா இவன்? நாலு வருஷமா போலீஸப் புடிக்கிறேன் புடிக்கிறேன்னு தன்னையே புடிச்சு வச்சிருக்கானே என் தம்பி!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு அறையே சிரித்தது.

தையல்காரர் சிரிக்கவில்லை. "அப்ப எனக்கு ஜெயில்தான்."

"இருங்க," என்று அவள் போன வார வீடியோவுக்குத் திரும்பினாள். "சத்தம் வைக்கிறேன்."

கிளட்ச், பிரேக் என்று இருபது வருடம் சொல்லிக்கொடுத்த அதே நிதானத்தில் அப்பாவின் குரல் வந்தது. "இப்ப சார் கதவத் திறக்கிறார். நம்மாளு ரெண்டு கையும் ஸ்டியரிங்லதான் இருக்கு. எடுக்காதீங்க, அப்படியே வைங்க. இப்ப சார் கைய ஓங்கறார்."

பளார்.

"சார், எதுக்கு அவரை அடிச்சீங்க?"

"ஆமாய்யா, அடிச்சேன். என்ன பண்ணுவ?"

தையல்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "சொல்லிட்டான்... அவன் வாயாலயே சொல்லிட்டான்!"

"அவன் எங்க சொன்னான்? என் தம்பி சொல்ல வச்சான்," என்றாள் அத்தை.

அவள் வீடியோவை அவருக்கு அனுப்பினாள். அவர் போய்விட்டார், போனவர் திரும்பி வந்து அப்பாவின் காலைத் தொட்டுவிட்டு மறுபடி போனார்.

அம்மா கையை நீட்டினாள். "இப்படிக் குடு. மொத்தம் எத்தன இருக்கு?"

"முந்நூத்திப் பன்னெண்டும்மா."

அம்மா சத்தத்தை அணைத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சுவரில் சாய்ந்து, முதலாவதிலிருந்து பார்க்க ஆரம்பித்தாள்.