தகட்டின் மூலை

ஆட்டிச் சோதிக்கும் மேசையில் போல்ட் போட்டு இறுக்கிய தகடு ஒரு மூலையில் மட்டும் கடகடத்தது. மேலும் கீழும் மெல்லிய இரும்பு, நடுவில் ரப்பர். தனலெட்சுமி தன் கையால் ஒட்டியது. லோரியில் போகும் மருந்துப் பாட்டில்கள் உடையாமலிருக்க அடியில் போடுகிற தகடு. இது தேறாவிட்டால் ஒட்டுகிற பிரிவையே மூடிவிடுவதாக முதலாளி சபாபதி சொல்லியிருந்தார். ஆறாம் வகுப்போடு நின்றுபோனவளை தெலுக் பங்லிமா காராங்கில் வேறு எந்தத் தொழிற்சாலை கூப்பிடப்போகிறது?

"ஒட்டுற கையிலதான் கோளாறு," என்றார் சபாபதி. "சாதா இரும்பே போட்டுடலாம் லா."

என்ஜினியர் மெய்யம்மை ஆடும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் மாறி வருகிறவள். போன மாதம் லோரியிலேயே ஏறி உட்கார்ந்து, போர்ட் கிள்ளான் சாலையின் குலுக்கலை டேப்பில் பிடித்து வந்திருந்தாள். அந்தச் சாலைதான் இப்போது மேசைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த குழி எப்போது வருமென்று யாராலும் சொல்ல முடியாது. ஆனாலும் அதைக் கணக்கில் பிடிக்கலாம் என்று மெய்யம்மை மிஸ் சொன்ன அன்று, அதையே நினைத்துக்கொண்டிருந்த தனலெட்சுமி வீட்டில் சோற்றை அடிபிடிக்க விட்டாள்.

தகட்டின் ஆட்டத்தைக் கருவியின் பேனா கிறுக்கிய தாளை மெய்யம்மை இழுத்துப் பார்த்தாள்.

"குலுக்கல் ரெண்டு மடங்கானா துள்ளல் ரெண்டு மடங்காகாது, தனம். தகடு வளைய வளைய விறைச்சுக்கும். ரப்பர் கொஞ்சத்த முழுங்கிடும். மத்த எடமெல்லாம் அப்படித்தான் இருக்கு. இந்த மூலை மட்டும் தனியா ஆடுது. எப்ப ஒட்டுனது இது?"

"வெள்ளிக்கிழமை, மிஸ்."

மெய்யம்மை உளியை வைத்து மூலையைப் பிளந்தாள். பசை எங்கும் பிடித்திருந்தது, நான்கு விரல் பதிந்த இடத்தைத் தவிர. அங்கே எண்ணெய் பட்டு இரும்பு பளபளத்தது. வெள்ளிக்கிழமை தனலெட்சுமி எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகியவள்தான். தகட்டைத் தொடுவதற்கு முன் எண்ணெய் போகத் தின்னரில் கை கழுவினேனா? யோசிக்க யோசிக்க நினைவு நழுவியது.

மெய்யம்மை தன் விரல்களை அந்தத் தடத்தின்மேல் வைத்தாள். நீண்டு மெலிந்த விரல்கள். அப்படியே பொருந்தின.

மெய்யம்மை அதைத் துணியால் ஒரு துடைப்புத் துடைத்திருக்கலாம். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், பழி தானாக ஒட்டுகிற பெண்கள்மேல் போய் விழுந்திருக்கும்.

"என் கைதான் பாஸ்," என்றாள் மெய்யம்மை. "அன்னைக்கு எண்ணெய்க் குளியல். முடிய ஒதுக்கிட்டு அதே கையால தகட்டத் தடவிப் பார்த்தேன், ரப்பர் போடறதுக்கு முன்னாடி."

சபாபதி அவள் கையையும் தகட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "டிகிரி வாங்குன கையிலயும் நல்லெண்ணெய்தானா?"

"நல்லெண்ணெய்தான் பாஸ். இன்னொன்னு ஒட்டிப் பார்ப்போம்."

"இதான் கடைசி."

புதுத் தகட்டில் தனலெட்சுமி பசை பூசி முடிக்கும்வரை மிஸ் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள், வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளைபோல. தனலெட்சுமிக்கு அவளை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது. பார்க்காமலும் இருக்க முடியவில்லை.

பசை காய்ந்ததும் தகட்டை மேசையில் இறுக்கினார்கள். சபாபதி தன் தே தாரிக் டீக் கிளாஸை அதன் நடுவில் வைத்தார். மெய்யம்மை சுவிட்சைத் தட்டினாள். போர்ட் கிள்ளான் சாலை தகட்டுக்கு அடியில் எழுந்தது. கிளாஸில் நுரை சுருங்கி, விரிந்து, விளிம்பை நோக்கி ஒரு வளையமாக மெல்ல நகர்ந்தது; ஒரு சொட்டும் சிந்தவில்லை. தனலெட்சுமி அதே மூலையருகே குனிந்து, கடகடப்பு வருகிறதா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.